தவளைக்கும் நண்டுக்கும் ஒரே மலை

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஈரூடகவாழிகள் பாடம் நடக்கும்போது சலமாண்டர் படத்தைக் காட்டினால், "சேர், இது நம்ம ஆத்துல இருக்கா?" என்று கேட்காத வகுப்பு இல்லை. இலங்கையில் சலமாண்டரே கிடையாது. நமக்குப் புதர்த் தவளைகள் உண்டு. அழிவின் விளிம்பில் நிற்பவை அவற்றில் ஏராளம். அதே ஓடைக்கரையில் அதே கதியில் இன்னொரு சீவனும் இருக்கிறது: ஓடை நண்டு.

ஒன்றுக்கு முதுகெலும்பு, மற்றதற்கு ஓடு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பிள்ளை வளர்ப்பில் இரண்டும் ஒரே வழிதான்.

புதர்த் தவளைக்கு நீந்தித் திரியும் வாற்பேய்ப் பருவம் கிடையாது. பெரும்பாலும் தாய் ஈரமண்ணில் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணோடு பிசைந்து மூடிவிடும். சில இனங்கள் இலையில் ஒட்டிவைக்கும். வளர்ச்சி முழுவதும் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே குதிக்கும்.

கடல் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிட்டு, குஞ்சுகளை நீரோட்டத்தில் விட்டுவிடும். ஓடை நண்டு இடுவது கொஞ்சம்தான், ஆனால் பெரிய முட்டைகள். பீலிக்குக் கீழே கல்லைப் புரட்டிப் பெண் நண்டைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடலுக்குள் மிளகளவு நண்டுகள், காலும் கொடுக்கும் சரியாக அமைந்து, அப்பிக் கிடக்கும்.

மிதந்து போகும் குஞ்சு இல்லாததால் இரண்டும் தூரம் பரவ முடியாது. அதனால்தான் மலைக்கு மலை தனித்தனி இனங்கள். நாட்டின் 50 சொச்ச நன்னீர் நண்டு இனங்களில் அநேகமாக எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. 1998இல் மொஹமட் பாஹிர் விவரித்த ஒன்றுக்கு 'பெர்பிரிங்கியா ஊவா' என்று நமது மாகாணத்தின் பெயர். இப்படிப்பட்ட இனத்துக்கு, இருக்கும் மலை போனால் எல்லாம் போச்சு. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு வெட்டியதில் என்ன நடந்தது? புதர்த் தவளைகளில் 10க்கும் மேற்பட்ட இனங்களை இன்று அருங்காட்சியகப் போத்தலில்தான் பார்க்கலாம்.

தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது. தோலில் பட்டது உடம்பில் ஏறும். நண்டுக்கு ஓடு காவல். ஆனால் நண்டு பூச்சிக்குச் சொந்தக்காரன்; பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து அதன் நரம்பையும் தாக்கும். ஓடு கழற்றும் நாட்களில் அந்தக் காவலும் இல்லை.

தவளையைப் படம்பிடிக்கக் கமராவோடு வருகிறார்கள். நண்டு, தடிமனுக்கு ரசமாகிறது. உதிர்ந்த இலையையும் செத்ததையும் தின்று ஓடையைத் துப்புரவாக்குவது அதுதான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டுக்கும் இரண்டு திட்டம் வேண்டியதில்லை. ஓடையின் இரு பக்கமும் கொஞ்சம் புதரை வெட்டாமல் விட்டு, அதற்குள் மருந்து டேங்கோடு இறங்காமல் இருந்தால் பாதிக் கவலை தீரும். துரைமார் மனம்வைத்தால் அடுத்த கவ்வாத்துக்கு முன்பே செய்யலாம். தோட்டத்துக்கு நட்டம், சில வரிசைத் தேயிலை.