மட்டை வீச்சின் வலிமை காலில் தொடங்குகிறது

சாஃப்ட்பால் விளையாடும் மாணவியர் கீழ்முதுகு வலியுடனோ முழங்கால் வலியுடனோ மருத்துவமனைக்கு வரும்போது, ‘பந்தைக் கையால்தானே அடிக்கிறாள், முதுகு ஏன் வலிக்க வேண்டும்?’ என்று பெற்றோர் வினவுவதுண்டு. அதற்கான விடையை இங்கே விளக்க விரும்புகிறோம்.

விசை ஏறும் வழி

பந்தை அடிக்கும் விசையின் பெரும்பகுதி கால்களிலும் இடுப்பிலும் பிறக்கிறது. பாதம் தரையை அழுத்த, தரை அதே அளவு விசையைத் திருப்பித் தருகிறது. அது கால், இடுப்பு, உடற்பகுதி, தோள், கை என்னும் வரிசையில் ஏறி மட்டையைச் சென்றடைகிறது. வலக்கை ஆட்டக்காரர் முதலில் வலக்காலில் எடையைத் தாங்கி, இடக்காலைச் சிறிது முன்வைக்கிறார். இடப்பாதம் ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது; தோள் சற்றுப் பிந்தித் தொடர்கிறது. அப்போது இடக்கால் உறுதியாக நிமிர்ந்து தாங்க வேண்டும். வலக்குதிகால் எழும்பி, பாதமும் உடலோடு திரும்ப வேண்டும்.

வலி எங்கே பிறக்கிறது?

இடுப்பு மூட்டு கிண்ணத்துள் பந்து அமைந்தாற்போன்றது. உட்புறமாக ஏறத்தாழ 40 பாகை வரை சுழல வல்லது. கீழ்முதுகின் 5 முள்ளெலும்புகளோ சுழற்சிக்கென அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஓரிரு பாகையே திரும்பும். இடுப்பு இறுகியிருந்தால், குறைபடும் சுழற்சியை முதுகு ஈடுசெய்ய முயல்கிறது. வளரும் வயதில் முதுகைப் பின்வளைத்து முறுக்கும் அசைவு ஓய்வின்றித் தொடர்ந்தால், முள்ளெலும்பின் பின்பகுதியில் நுண்ணிய விரிசல் ஏற்படலாம். பின்பாதம் தரையில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பினால், அம்முறுக்கு முழங்காலின் குருத்தெலும்பைத் தாக்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

வலி இல்லாதபோது மட்டும் இவற்றைச் செய்க.

1. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி 5 வினாடி நிறுத்துதல்: 10 முறை.
2. சுவரருகே ஒற்றைக்காலில் 30 வினாடி நிற்றல். முழங்கால் உட்புறம் சாயலாகாது.
3. நாற்காலியில் அமர்ந்து, தொடையை அசைக்காமல் பாதத்தை வெளிப்புறமாக நகர்த்துதல்: ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. இது இடுப்பின் உட்சுழற்சியைப் பேணும்.
4. பந்தின்றி, மெதுவாக மட்டையை வீசி, இடுப்பு முதலிலும் தோள் பின்னரும் திரும்புகின்றனவா எனக் கவனித்தல்.

காலம் தாழ்த்தலாகாதவை

பின்னோக்கி வளையும்போது மிகும் முதுகுவலி, இரண்டு வாரம் கடந்தும் தணியாத வலி, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, காலில் மரமரப்பு அல்லது வலுவின்மை, முழங்கால் வீக்கம் அல்லது இறுகிக்கொள்ளுதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் விளையாட்டை நிறுத்தி மருத்துவரை அணுகுக. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குன்றினால் உடனே அவசரப் பிரிவுக்கு வருக.

தைலம் தடவியும் வலிமாத்திரை தந்தும் போட்டிக்கு அனுப்புதல் கூடாது. தொடக்கத்திலேயே கண்டறியப்படும் விரிசல், பெரும்பாலும் சில மாத ஓய்வாலும் முறையான பயிற்சியாலும் குணமாகிறது. புறக்கணித்தால் விரிசல் கூடாமலே நின்றுவிடவோ, எலும்பு இடம் நழுவவோ கூடும். ஒரு பருவப் போட்டியை இழப்பது குழந்தைக்குத் துயரமே என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், அந்த ஓய்வே அவளைப் பல ஆண்டுகள் களத்தில் நிறுத்தும்.