கூரை பறப்பது எதனால்? கஜா கற்றுத்தந்த கணக்கு



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பகுதி வியாபாரிகளுக்குத் தீபாவளிச் சரக்கைப் பற்றிய யோசனையோடு வானத்தைப் பற்றிய யோசனையும் சேர்ந்துகொள்ளும். 1952 நவம்பர் கடைசியில் அடித்த புயலை என் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1977 நவம்பர் 12-ஆம் தேதிப் புயலைப் பள்ளிக்கூடத்துப் பையனாக நானே பார்த்தேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, திருத்துறைப்பூண்டியை என்ன செய்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்று எனது குடோன் கூரையில் பாதி போய்விட்டது. 30 அடிக்கு 40 அடி, கலர் ஷீட் போட்டு நாலு வருடம்கூட ஆகவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் ஷீட்டுகள் பின்பக்கத்து வயலில் கிடக்கின்றன. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் மழையில் ஊறிக்கொண்டிருக்கின்றன. மட்டமான ஷீட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் புலம்பிக்கொண்டு நிற்க, எங்கள் கடையில் மூட்டை தூக்கும் தொழிலாளர் ஒருவர் கீழே கிடந்த ஒரு கொக்கியை எடுத்து வந்து காட்டினார். "முதலாளி, ஷீட்டு கிழியல. இந்தக் கொக்கிதான் நிமிந்துபோச்சு" என்றார். அவர் வீட்டுக் கூரையும் அன்று இரவே போயிருந்தது. அதை அவர் சொன்னது மத்தியானத்துக்கு மேல்தான்.

அந்தக் கொக்கியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காற்று கூரையை அமுக்கும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதனால்தான் புயல் எச்சரிக்கை வந்தவுடன் மணல் மூட்டையையும் கல்லையும் கூரைமேல் ஏற்றுகிறோம். உண்மையில் காற்று கூரையின் மேலாக வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. சாய்வு குறைந்த கூரையில் இந்த உறிஞ்சல் அதிகம். அதிலும் ஓரம், மூலை, முகடு ஆகிய மூன்று இடங்களில்தான் மிக அதிகம். பறந்த கூரை எதையும் விசாரித்துப் பாருங்கள், மூலையிலிருந்துதான் உரிந்திருக்கும்.

வியாபாரிக்குக் கணக்காகச் சொன்னால்தான் மனதில் நிற்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பத்துச் சதுர அடிப் பரப்பில் காட்டும் வலு சுமார் 63 கிலோ. அதே பத்துச் சதுர அடி ஷீட்டின் எடை நாலைந்து கிலோதான். என் குடோனின் 1,200 சதுர அடிக்குப் போட்டுப் பார்த்தால் ஏழரை டன், அதாவது 25 கிலோ சிப்பம் 300. அத்தனையும் கூரையை மேலே இழுக்கிறது. அதை எதிர்த்துக் கீழே இழுத்துப் பிடிக்க ஷீட்டின் எடை அரை டன்தான். மீதியை யார் பிடிப்பது? கொக்கியும் நட்டும்தான். இன்னொன்று, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் வலு இரண்டு மடங்காவதில்லை, நாலு மடங்காகிவிடும்.

இதோடு ஷட்டர் சங்கதியும் உண்டு. காற்று வரும் திசையில் கதவோ ஷட்டரோ பிய்த்துக்கொண்டால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளும். மேலே உறிஞ்சல், கீழே தள்ளல் இரண்டும் சேர்ந்தால் எந்தக் கூரைதான் நிற்கும்? என் குடோனில் கிழக்கு ஷட்டர் முதலில் வளைந்து வழியை விட்டுக் கழன்றிருக்கிறது. இப்போது அதற்கு உட்பக்கம் நடுவில் ஒரு கழற்றி மாட்டும் இரும்புத் தூணும், குறுக்கே இரண்டு பைப்பும் வைத்திருக்கிறேன். வீட்டில் ஜன்னல் கதவுகளுக்கும் இதே நியாயம்தான். காற்றுக்கு வழிவிட ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கூரையைப் பிடித்திருப்பது ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டைச் சட்டம் பிடிக்கிறது, சட்டத்தைக் கைமரமோ டிரஸ்ஸோ பிடிக்கிறது, அதைச் சுவர் பிடிக்கிறது. எந்தக் கண்ணி பலவீனமோ அங்கே அறும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்க நம் ஊரில் ஜே வடிவக் கொக்கி போல்டுதான் வழக்கம். இழுவை மிகும்போது அது நிமிர்ந்து கழன்றுவிடும். யூ வடிவ போல்டு சட்டத்தை இரு பக்கமும் கட்டிப்பிடிப்பதால் கழலாது. நடுக்கூரையில் இரண்டடிக்கு ஒன்று என்று போட்டிருந்தாலும், ஓரத்திலும் முகட்டிலும் அடிக்கு ஒன்றாகவாவது நெருக்கிப் போட வேண்டும். ஓரத்து ஷீட்டின் மேலே நீளவாக்கில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து, போல்டுகளை அதன் வழியாக முடுக்கினால் ஷீட்டின் துளை கிழிவது தடுக்கப்படும். அகலமான வாஷர் அவசியம். சின்ன வாஷரைச் சுற்றி ஷீட் கிழிந்து போல்டு மட்டும் சட்டத்தில் நின்ற கூரைகளை முத்துப்பேட்டை சாலையில் நான் நிறையவே பார்த்தேன்.

சுவரோடு இணைப்பதில்தான் கொத்தனார்கள் கை வைப்பதில்லை. கைமரத்தைச் சுவர்மேல் வைத்துச் சுற்றிலும் கலவை பூசிவிட்டால் முடிந்தது வேலை என்பார்கள். கலவை பிடிக்காது. சுவரின் தலையைச் சுற்றி ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, அதில் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பதித்த போல்டில் கைமரத்தைப் பிணைக்க வேண்டும். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர் என்றால், இரும்புப் பட்டையைச் சுவரின் இரு பக்கமும் லிண்டல் மட்டம்வரை இறக்கிக் கட்டினால் அந்தச் சுவரின் எடையே கூரைக்குப் பாரமாக நிற்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் சிறிய வீடுகளைப் புயல் தாங்கச் செய்வதற்கென்றே ஐ.எஸ். 15498 என்ற வழிகாட்டியை 2004-லேயே வெளியிட்டிருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் தங்கள் இன்ஜினீயரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

முன்தாழ்வாரத்தை வெயிலுக்கென்று மூன்றடி, நாலடி நீட்டிவிடுகிறோம். காற்றுக்கு அது கைப்பிடி. ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். நிழல் வேண்டுமானால் அதைத் தனிக் கூரையாகத் தனித் தூண்களில் போட்டால், போனாலும் அது மட்டும் போகும்.

ஓட்டு வீட்டுக்கு ஒரு வார்த்தை. 1977-ல் எங்கள் பழைய கடையில் சீமை ஓடுகள் நூற்றுக்கணக்கில் பறந்தன, ஆனால் மரச்சட்டம் அப்படியே நின்றது. ஓடு ஒவ்வொன்றாகப் போய்க் காற்றுக்கு வழி விட்டுவிடுகிறது. ஷீட்டோ மொத்தமாகப் பாய்மரம்போல் நிற்கிறது. ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் சிமெண்ட் கலவையில் பதித்து, இடையிடையே கலவைப் பட்டி போட்டால் பெரும்பாலும் தப்பும். நாலு பக்கமும் சரிந்த கூரை, இரண்டு பக்கக் கூரையைவிட நன்றாகத் தாங்கும். கீற்றுக் கூரைக்குக் கயிற்றை வலைபோல் பின்னி மேலே போர்த்தி, தரையில் ஆழ அடித்த முளைகளில் இழுத்துக் கட்டுவதுதான் வழி. மாடி வீட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அவர்கள் மொட்டைமாடியில் போட்ட தகரக் கொட்டகையும் காலியான பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும்தான் பக்கத்து வீட்டு ஓட்டை உடைக்கின்றன. தொட்டியை நிரப்பி வையுங்கள்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொக்கியை எடுத்துக் காட்டினாரே, அந்தத் தொழிலாளர் வீட்டுக்கு ஷீட் வாங்க நான்தான் பணம் கொடுத்தேன். ஷீட்டுக்கு மட்டும். போல்டு பற்றி அவரே எனக்குச் சொல்லியிருந்தும், பழைய கொக்கியை நிமிர்த்தி மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஒரு சித்திரை மாதச் சாயங்காலம், புயல்கூட இல்லை, இடிமழைக்கு முன் வரும் காற்றுதான், மூலை ஷீட் உரிந்து தெருக்குழாயடியில் போய் விழுந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் மழைக்கு ஓடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மறுநாள் நானே வெல்டரை அழைத்துக்கொண்டு போய் யூ போல்டும் பட்டையும் போட்டுவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்கு ஆன செலவு, ஷீட்டுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இன்சூரன்சிலும் நான் கோட்டை விட்டேன். சரக்குக்கு எடுத்திருந்தேன், கட்டடத்துக்கு எடுக்கவில்லை. பாலிசியில் இரண்டும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

நட்டுகளை ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். நம் பக்கம் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். துரு தின்ற போல்டை மாற்றிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறும் ஆளுக்கு, சட்டத்தின்மேல் படியும்படி பலகை போட்டு நடக்கச் சொல்லுங்கள். வெறும் ஷீட்டில் கால் வைத்தால் அது உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடுவார்.