ஒன்பது மாலைகளுக்கு மூன்று புடவைகள்

புரட்டாசி பிறந்து நவராத்திரி நெருங்கிவிட்டால் சிங்கப்பூர் ஆலயங்களின் மாலை வேளைகள் புதுப்பொலிவு பெறுகின்றன. அம்பாள் ஒவ்வோர் இரவும் ஒவ்வோர் அலங்காரத்தில் காட்சி தருகிறாள். கொலுப் படிகளின் முன்னே தாய்மார்கள் கூடியமர்ந்து பாடுகின்றனர். அவ்வேளையில் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பவருக்குக் காஞ்சிபுரமே கப்பலேறி வந்துவிட்டதோ என்று தோன்றும். அம்பாளுக்கு நாளுக்கொரு பட்டு என்றால், அவளைக் காணச் செல்வோருக்கும் நாளுக்கொரு பட்டு என்பது எவரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. போதாக்குறைக்கு, நாளுக்கொரு நிறம் என்னும் பட்டியல் ஒன்றும் வடக்கிலிருந்து புறப்பட்டு, கைத்தொலைபேசி வழியாக வீடுதோறும் வந்து சேர்கிறது. அந்தப் பட்டியல் ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. சென்ற ஆண்டின் நிறத்தை இந்த ஆண்டும் அதே நாளில் உடுத்த முடியாது!

எங்கள் அடுக்குமாடியில் அண்டை வீட்டில் வசிக்கும் பெண்மணி ஒருவர் பள்ளி உணவுக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவர். இரு பெண் பிள்ளைகளுக்குத் தாய். இரண்டு ஆண்டுகளாக நவராத்திரிக்கு அவரை ஆலயத்தில் காணவில்லை. மின்தூக்கி வாயிலில் சந்தித்தபோது காரணம் கேட்டேன். முதலில் வேலை என்றார், பிறகு பிள்ளைகளின் தேர்வு என்றார். நான் போகாமல் நிற்பதைக் கண்டு, குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார்.

"அக்கா, கல்யாணப் புடவை ஒன்றுதான் என்னிடம் பட்டு. அதையே ஒன்பது நாளும் கட்டிக்கொண்டு அங்கே எப்படி வந்து உட்காருவது? சின்னவள்கூட, 'அம்மா, நாம் மட்டும் ஏன் போன வருஷத்து உடுப்பு?' என்று கேட்கிறாள்."

அம்பாள் எவருடைய முந்தானையையும் பார்த்து அருள் வழங்குவதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆகவே மறு ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தேக்காவுக்குப் புறப்பட்டேன். அவர் கையில் 150 வெள்ளி இருந்தது.

தேக்கா நிலையத்தில் கீழே மீனும் கறியும் காய்கறியும் விற்கும் சந்தை. மேல்தளத்தில் துணிக்கடைகளும் தையற்கடைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. காஞ்சிபுரத்தின் பெயர்பெற்ற வடிவங்களைப் பார்த்து விசைத்தறியில் நெய்யப்பட்ட புடவைகள் அங்கே குவிந்து கிடக்கும். 'செமி சில்க்', 'ஆர்ட் சில்க்', 'சாஃப்ட் சில்க்' எனப் பல பெயர்கள். திரைப்பட நடிகையர் உடுத்திய புடவையின் சாயலில் வந்ததற்கு அந்தப் படத்தின் பெயரே சூட்டப்பட்டிருக்கும்.

வாசகச் சகோதரிகள் பலர் இவற்றைக் கண்டாலே முகம் சுளிப்பதை நான் அறிவேன். ஆனால் சாயல் எடுப்பது இன்று நேற்றுத் தொடங்கிய செய்தியன்று. 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலேயே சார்டோனே என்னும் பிரெஞ்சுக்காரர் செயற்கைப் பட்டைக் காட்சிக்கு வைத்தார். காஞ்சிபுரத்து நெசவாளர்கள் கோபுரத்தையும் யாளியையும் அன்னத்தையும் ஆலயத் தூண்களில் கண்டுதானே புடவைக்குக் கொண்டுவந்தனர்! 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், அங்கே நெசவுப் பிரிவையும் அமைத்து, வழக்கொழிந்து வந்த அகன்ற கரைப் புடவைகளை மீண்டும் நெய்வித்தார். அவற்றைப் பார்த்து இன்றைய டிசைனர்கள் வரைகின்றனர். டிசைனர்களைப் பார்த்துச் சூரத்து விசைத்தறிகள் நெய்கின்றன. அந்த வரிசையின் கடைசியில்தான் தேக்காவின் 35 வெள்ளிப் புடவை தொங்குகிறது.

அசலுக்கும் சாயலுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது. காஞ்சிபுரத்தின் தனிச்சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிற ஊடையும் இரு கரைகளுக்கும் வேறு நிற ஊடையுமாக மூன்று நாடாக்களை ஓட்டி, ஒவ்வோர் இழையிலும் கரையை உடலோடு பூட்டி நெய்வார்கள். இதற்குத் தறியில் ஒருவருக்கு இருவர் வேண்டும். ஆகையால்தான் அரக்குக் கரை அரக்காகவே நிற்கிறது. விசைத்தறிச் சாயலில் பெரும்பாலும் உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடுவதால், கரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் உடலின் நிறம் அதில் கலந்து தெரியும். சரிகையிலும் இதே கதைதான். அசல் சரிகை, பட்டு இழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. மலிவுச் சரிகை செம்புக் கம்பியிலோ, பளபளப்பு ஏற்றிய பிளாஸ்டிக் இழையிலோ ஆனது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. இந்தியாவின் 'சில்க் மார்க்' முத்திரை 2004 முதல் வழங்கப்படுகிறது. அம்முத்திரை பட்டுக்கு மட்டுமே சான்று. சரிகைக்கு அது பொறுப்பேற்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், வெளியூர்க் கடையொன்றில் 'சுத்தப் பட்டு' என்று விற்பனையாளர் அடித்துச் சொல்ல, 420 வெள்ளி கொடுத்து ஒரு புடவை வாங்கினேன். வீட்டுக்கு வந்து முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்து என் மாமியார் தீயில் காட்டினார். பட்டாக இருந்தால் மெல்லக் கருகி, முடி தீய்ந்த வாடை வீசி, சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். அந்த இழையோ உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது. கடைக்குத் திரும்பிச் சென்றால், ரசீதில் 'புடவை 1' என்று மட்டுமே எழுதியிருந்ததைச் சுட்டிக் காட்டினார்கள். அன்றிலிருந்து, பட்டுக்குரிய விலை கேட்கும் கடையில் 'தூய பட்டு' என்று ரசீதில் எழுதச் சொல்லி வாங்குகிறேன். எழுதத் தயங்கும் கடையில் வாங்குவதில்லை. 35 வெள்ளிப் புடவையை 35 வெள்ளிக்கு விற்பவரிடம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கட்டிப் பார்க்காமல் வாங்காதீர்!

தேக்காவில் எங்களுக்கு வாய்த்த கடைக்காரர் பொறுமைசாலி. புடவையைத் தோளில் போட்டுக் காட்டிவிட்டு, "அழகா இருக்கு அக்கா, எடுத்துக்குங்க" என்று அவசரப்படுத்தவில்லை. "அண்ணே, கொஞ்சம் கட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டதும், உடுத்தியிருந்த உடையின் மேலேயே கட்டிக்கொள்ள ஒரு நாடாவும் நிலைக்கண்ணாடியும் கொடுத்தார்.

முதற்புடவை கண்ணுக்குப் பேரழகு. கொசுவம் வைத்ததும் இடுப்பில் கூடாரம்போல் எழும்பி நின்றது. கஞ்சி ஏற்றிய செயற்கை இழைகளில் இது அடிக்கடி நேர்கிறது. மடிப்பிலே தொங்கும்போது தெரியாது. இரண்டாவது புடவையைப் புரட்டிப் பார்த்தோம். உட்புறம் முழுவதும் நூல்கள் கட்டுப்படாமல் நீண்டு கிடந்தன. அவை மெட்டியிலும் வளையலிலும் மாட்டிக்கொள்ளும். பிராகாரம் சுற்றி முடிப்பதற்குள் பாதிப் பூ வேலை கையோடு வந்துவிடும். மூன்றாவதைக் கட்டிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்காரச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆலயத்தில் ஒரு மணி நேரம் அப்படித்தானே அமரப் போகிறோம்? சரிகை ஓரம் இடுப்பையும் கழுத்தையும் அறுக்கிறதா என்பது உட்கார்ந்தால்தான் தெரியும்.

இன்னொன்றையும் கடைக்காரரே நினைவூட்டினார். "அக்கா, செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கோயிலுக்குள்ளே செருப்போடு போகப் போகிறீர்களா?" எத்துணை உண்மை! குதியுயர்ந்த செருப்போடு அளவு பார்த்துக் கட்டிய புடவை, வெறுங்காலில் தரையைப் பெருக்குகிறது. நீர் தெளித்த கருங்கல் தளத்தில் கொசுவத்தை மிதித்து வழுக்கி விழுந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

நிறத்தைப் பார்க்க, புடவையைக் கடை விளக்கின் கீழிருந்து வெளிவராந்தாவின் பகலொளிக்குக் கொண்டு சென்றோம். உள்ளே மாம்பழ மஞ்சளாக இருந்த ஒன்று வெளியே பச்சை கலந்து வெளிறியது. அதைத் திருப்பிக் கொடுத்தோம்.

இறுதியில் மூன்று புடவைகள் தேறின. அரக்குக் கரையுள்ள மஞ்சள் 35 வெள்ளி, மயில்கழுத்து நிறம் 40 வெள்ளி, கோபுரக் கரையிட்ட சந்தன நிறம் 28 வெள்ளி. மொத்தம் 103 வெள்ளி. ரவிக்கைக்கு வந்தபோதுதான் தலை சுற்றியது. தையற்கூலி சில இடங்களில் புடவையின் விலையையே எட்டிவிடுகிறது. புடவையோடு வரும் ரவிக்கைத் துணியைத் தைத்தே தீரவேண்டும் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. பொன்னிறத்தில் ஆயத்த ரவிக்கை ஒன்றை 22 வெள்ளிக்கு எடுத்தோம். அரக்கிலும் கரும்பச்சையிலும் பழைய ரவிக்கைகள் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. மூன்று புடவை, மூன்று ரவிக்கை. மும்மூன்று ஒன்பது என்று பெரிய மகள் விரல்விட்டு எண்ணினாள். மயில்கழுத்தோடு அரக்கு சேர்ந்தால் சற்றுக் கண்ணைக் குத்தும் என்று நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை. அதுதான் இக்காலப் பாணி என்றாள். இருக்கட்டும்.

மீதமிருந்த 25 வெள்ளியைக் கொண்டு சிறியவளின் பட்டுப்பாவாடையை நீட்டிக்க முடிவாயிற்று. மேல்தளத்துத் தையற்காரப் பெரியவர், பாவாடையின் அடியில் வேறு நிறத்தில் ஒரு சாண் சரிகைக் கரையைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். பழைய பாவாடை புதியதாயிற்று. பெரியவளுக்குத் தாயின் பழைய துப்பட்டாவும், பள்ளி விடுமுறையில் உடுத்தும் வெற்று நிறப் பஞ்சாபி சூட்டும் இருந்தன. இரண்டையும் சேர்த்து உடுத்தியதும், அதுவே விழா உடையாகத் தோன்றியது.

விளக்கருகே விழிப்பு

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டு எளிதில் தீப்பற்றுவதில்லை. பற்றினாலும் மெல்லவே எரியும். பாலியெஸ்டர் உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆர்ட் சில்க் எனப்படும் செயற்கைப் பட்டோ தாளைப்போல் விரைந்து எரியக்கூடியது. திருவிளக்குப் பூசையிலும், துர்க்கை சந்நிதியில் எலுமிச்சை விளக்கு ஏற்றும் இடத்திலும் நெரிசலுக்கிடையே குனிந்து நிமிர்கிறோம். தோளிலிருந்து தழையத் தழையத் தொங்கும் முந்தானை புகைப்படத்துக்கு அழகாக இருக்கலாம். விளக்கு வரிசைக்கு முன்னே அதை மடித்து ஊசி குத்தி, நுனியை இடுப்பில் செருகிக்கொள்வதே முறை. சிறுமியரின் துப்பட்டாவை முதுகுப்புறம் முடிந்துவிடுங்கள்.

செயற்கை இழை வியர்வையை உறிஞ்சுவதுமில்லை. நமது நாட்டுப் புழுக்கத்தில் அதன் உள்ளே பருத்தி உள்பாவாடையும், பருத்தி உள்துணி வைத்த ரவிக்கையும் இருந்தால் தாங்கலாம். வழுவழுப்பான சாட்டின் உள்பாவாடையின்மேல் வழுவழுப்பான புடவையைக் கட்டினால் கொசுவம் நழுவிக்கொண்டே இருக்கும். வாசனைத் திரவியத்தைச் சரிகையின்மேல் தெளிக்க வேண்டா. செம்புச் சரிகை கறுத்துவிடும். பிளாஸ்டிக் சரிகையைச் சூடான இஸ்திரிப் பெட்டி உருக்கிவிடும். உட்புறம் திருப்பி, மேலே ஒரு துணி விரித்து, மிதமான சூட்டில் தேய்த்தால் போதும்.

விழா முடிந்தபின் இப்புடவைகள் பெட்டிக்குள் உறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசல் பட்டென்றால் நாம் அஞ்சி அஞ்சி ஆண்டுக்கொரு முறை எடுப்போம். அந்தப் பெண்மணி சந்தன நிறப் புடவையைக் கரும்பச்சைப் பருத்தி ரவிக்கையோடு வெள்ளிக்கிழமை மாலைகளில் உடுத்துகிறார். மஞ்சளை உறவினர் வீட்டு வளைகாப்புக்குக் கட்டினார். நகை ஏதும் இல்லாமல் ஒரு முழம் மல்லிகை மட்டும் வைத்துக்கொண்டால் அதே புடவை வேலைநாள் புடவையாகிவிடுகிறது.

நவராத்திரியின் மூன்றாம் நாள் அவர் மயில்கழுத்துப் புடவையில், மகளின் விருப்பப்படி அரக்கு ரவிக்கை அணிந்து வந்திருந்தார். கண்ணைக் குத்தவில்லை. நான் சொன்னதுதான் தவறு. கொலுவின் முன்னே அமர்ந்தபோது அருகிலிருந்த மூதாட்டி ஒருவர், தாம் உடுத்தியிருந்த கனத்த பட்டைச் சரிசெய்துகொண்டே, இவருடைய முந்தானையை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது.

"காஞ்சிபுரமா அம்மா?"

"இல்லை பாட்டி, செமி சில்க்தான். தேக்கா மாடியில் 40 வெள்ளி."

மூதாட்டி மறுபடியும் துணியைத் தடவினார். "இது முக்கால் கிலோவாவது இருக்கும், தோள் வலிக்கிறது" என்று தம் புடவையைக் காட்டினார். பிறகு குனிந்து, "எந்தக் கடை? மாடி ஏறினதும் வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்று கேட்டார்.