கவர்னரிடம் சொல்லாததைக் காகிதத்தில் எழுதியவர்

கப்பல் வரும் நாள் என்றால் என்னவென்று அந்தமான் தமிழருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விமானம் வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும், மின்னி பே பக்கம் நாலு தமிழர் கூடினால் சென்னைக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை வராமல் போகாது. ஊர் பெயர் போர்ட் பிளேரிலிருந்து 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியபோதும் கப்பலைப் பற்றிய கவலை மாறவில்லை.

இதே கவலையோடு ஏறக்குறைய 290 ஆண்டுகளுக்கு முன்பு புதுச்சேரிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. எந்தக் கப்பல் வந்தது, எங்கிருந்து வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள், என்ன சரக்கு இறங்கியது, அதில் வந்த கடிதத்தைப் படித்ததும் கவர்னரின் முகம் எப்படிப் போயிற்று என்பது வரை தமிழில் எழுதி வைத்தார். அவர் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை.

"இந்தியாவின் பீப்ஸ்" என்று அவரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பீப்ஸ் யார் என்று தெரிந்துகொண்டால்தான் இந்தப் பட்டம் பிள்ளைக்கு எந்த அளவு பொருந்தும் என்று பார்க்க முடியும்.

லண்டனில் ஒரு குமாஸ்தா

சாமுவேல் பீப்ஸ் 1633-ல் லண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். ஆங்கிலக் கடற்படை நிர்வாகத்தில் குமாஸ்தா வேலையில் நுழைந்து, பிற்காலத்தில் அதன் செயலாளர் ஆனார். 1660 ஜனவரி முதல் தேதி தொடங்கி 1669 மே 31 வரை தினமும் நாட்குறிப்பு எழுதினார். 1665-ல் லண்டனைச் சூறையாடிய கொள்ளை நோயும் 1666-ல் நகரத்தை எரித்த பெருந்தீயும் அதில் இருக்கின்றன. தீ தன் தெருவை நெருங்கியபோது மனிதர் தோட்டத்தில் குழி தோண்டித் தன் மதுவையும் இத்தாலியப் பாலாடைக் கட்டியையும் புதைத்து வைத்தாராம்!

ஆனால் பீப்ஸ் உலகப் புகழ் பெற்றது தீயினால் மட்டும் அல்ல. தன் சொந்த வாழ்க்கையை ஒளிவுமறைவின்றி எழுதினார். 22 வயதில் எலிசபெத் என்ற 15 வயதுப் பெண்ணை மணந்தார். குழந்தை இல்லை. மனைவியோடு போட்ட சண்டை, வாங்கிய கையூட்டு, பொறாமை, பயம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. பிற பெண்களிடம், அதிலும் தன்னை அண்டிப் பிழைத்த ஏழைப் பெண்களிடம், அவர் நடந்துகொண்ட விதமும் இருக்கிறது. அதையெல்லாம் குறும்பு என்று சிரித்துத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. இன்று படிப்பவர்கள் அதைக் குற்றம் என்றே சொல்வார்கள். 1668 அக்டோபரில் வீட்டுப் பணிப்பெண்ணோடு அவர் மனைவியின் கண்ணில் பட்டார். அடுத்த ஆண்டு, 29 வயதில், எலிசபெத் காய்ச்சலில் இறந்துபோனார்.

இதையெல்லாம் அவர் எழுதியது சுருக்கெழுத்தில். மானக்கேடான இடங்களில் ஸ்பானியச் சொற்களையும் பிரெஞ்சுச் சொற்களையும் கலந்தும் எழுதினார். கண் பார்வை போய்விடும் என்ற பயத்தில்தான் எழுதுவதை நிறுத்தினார். 1703-ல் அவர் இறந்தபின், நாட்குறிப்பு உட்பட 3,000 நூல்கள் கேம்பிரிட்ஜிலுள்ள மாக்டலின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. நூறாண்டுக்கு மேல் அதைப் படிக்க ஆளில்லை. ஜான் ஸ்மித் என்ற இளைஞர் 1819-லிருந்து மூன்று ஆண்டுகள் தலையை உடைத்துக்கொண்டு அந்த எழுத்தைப் பிரித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுத்தரும் புத்தகம் அதே நூலகத்தின் அலமாரியிலேயே இருந்தது! 1825-ல் ஒரு பகுதி அச்சாயிற்று. எதையும் வெட்டாத முழுப் பதிப்பு 1970-க்கும் 1983-க்கும் இடையில்தான் வெளிவந்தது.

பெரம்பூரிலிருந்து புதுச்சேரிக்கு

ஆனந்தரங்கப் பிள்ளை சென்னைப் பெரம்பூரில் 1709 மார்ச் 30-ல் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வியாபாரி. உறவினரான நைனியப் பிள்ளை அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷி. அவர் அழைத்ததால் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். வேலை அதோடு நிற்பதில்லை. கவர்னருக்கு வாயும் காதும் அவரே. நெசவாளரிடம் துணி பிடித்துத் தருவார். நவாபுக்குப் போகும் கடிதத்தின் வாசகத்தை அமைப்பார். ஊர் வழக்கை விசாரிப்பார். சாதித் தலைவர்கள் கவர்னரிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் அவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். இத்தனை அதிகாரமும் கவர்னரின் ஒரு முகச்சுளிப்பில் போய்விடக் கூடியது.

இதைப் பிள்ளை புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவருடைய ஏழாம் வயதில், 1716-ல், நைனியப் பிள்ளையைப் பிரெஞ்சுக்காரர்கள் கைது செய்தார்கள், கசையடி கொடுத்தார்கள், சொத்தைப் பறித்தார்கள். 1717-ல் சிறையிலேயே அவர் இறந்தார். மகன் குருவப் பிள்ளை பிரான்சுக்கே கப்பலேறி நியாயம் கேட்டார். அங்கே கிறிஸ்தவரானார். செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து, தந்தை இருந்த பதவியிலேயே அமர்ந்தார். 1724-ல் அவரும் காலமானார். நாட்குறிப்பைப் படிக்கும்போது இந்தக் குடும்பக் கதையை மறக்கக் கூடாது. பிள்ளை ஏன் அவ்வளவு எச்சரிக்கையாகப் பேசினார், பேசாததை ஏன் அவ்வளவு விரிவாக எழுதினார் என்பதற்கு விடை இங்கேதான் கிடைக்கிறது.

இளமையில் பரங்கிப்பேட்டையில் கும்பினியின் துணிக் கிடங்கைக் கவனித்தார். பாக்கு, துணி வியாபாரம் சொந்தமாகவும் நடத்தினார். "ஆனந்தப் புரவி" என்று தன் பெயரில் கப்பல் ஒன்றும் வைத்திருந்தார். 1736 செப்டம்பர் 6-ல் நாட்குறிப்பு தொடங்குகிறது. தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை போட்டு, கணக்கு எழுதுவது போலவே எழுதினார். பேச்சுத் தமிழ்தான், அதில் பாரசீகம், தெலுங்கு, போர்ச்சுகீசு, பிரெஞ்சு எல்லாம் கலந்து கிடக்கும். இலக்கணம் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அன்றைய ஊரில் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அரிது.

வீடும் வெளியும்

மனைவி மங்கத்தாய், செங்கற்பட்டுக்காரர். மூன்று பெண்களும் இரண்டு பையன்களும் பிறந்தார்கள், பையன்கள் தங்கவில்லை. பீப்ஸ் தன் படுக்கையறையைத் திறந்து காட்டினார் என்றால், பிள்ளை தன் வீட்டு வாசல் திண்ணையோடு நிறுத்திக்கொண்டார். கணவன் மனைவி என்ன பேசிக்கொண்டார்கள் என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கல்யாணச் செலவும் வந்த வரிசையும் இருக்கும். நல்ல நாள், கிரக நிலை பற்றிய குறிப்பு ஏராளமாக இருக்கும். அவர் மனம் வெளிப்படுவது வேறு இடத்தில்: பதவி, மரியாதை, போட்டி.

அவருக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலி கிறிஸ்தவர். மகனின் நினைவாக உழவர்கரையில் 1745-ல் மாதா கோவில் கட்டி, ஊருக்கே விருந்து வைத்தார். எல்லாச் சாதியாருக்கும் தனித்தனிச் சமையல். பிள்ளையும் போய்விட்டு வந்தார். வந்ததும் விருந்தில் என்னென்ன குறை என்று உட்கார்ந்து எழுதினார்! தன்னைக் கவர்னர் புகழ்ந்த நாட்களில் அந்தப் புகழ்ச்சியை ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார். தற்பெருமை அவரிடம் உண்டு. சாதிப் பெருமையும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

1742-ல் துய்ப்ளேக்ஸ் கவர்னராக வந்தார். 1746-ல் கனகராய முதலி இறந்தபின் பதவி தனக்கு வரும் என்று பிள்ளை காத்திருந்தார். காத்திருக்கத்தான் நேர்ந்தது. குறுக்கே நின்றவர் கவர்னரின் மனைவி ழான். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரியும், ஊர் வம்பு அத்தனையும் தெரியும். கடைசியில் பதவி வந்தது. முசாபர் ஜங் 3,000 குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டமும் செங்கற்பட்டு ஜாகீரும் தந்தார். பல்லக்கில் கவர்னர் மாளிகைக்குள் போகும் உரிமையும் கிடைத்தது. அந்த அம்மையாரின் பகை மட்டும் தீரவில்லை.

1748 செப்டம்பர்

பிள்ளையின் வாழ்க்கையில் மிகக் கடுமையான சோதனை அந்த மாதம் வந்தது. பாஸ்கவனின் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தக் கலவரத்துக்கு நடுவே வேதபுரீசுவரர் கோவிலை இடிக்க உத்தரவாயிற்று. கோவில் ஏசு சபைக் குருமார்களின் மாதா கோவிலுக்கு அடுத்திருந்தது. அதை அகற்ற வேண்டும் என்று அவர்கள் பல காலமாகவே கேட்டு வந்தார்கள். முந்தைய கவர்னர்கள் ஊரார் வெளியேறிவிடுவார்களே என்று அஞ்சித் தொடவில்லை. போர்க்காலத்தில் யார் வெளியேற முடியும்?

ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் ஓடினார்கள். முறையிட்டுப் பயனில்லாமல் போயிற்று. விக்கிரகங்களில் எடுக்க முடிந்ததை வேறு கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். பாதிரி ஒருவர் லிங்கத்தைக் காலால் உதைத்ததைப் பிள்ளை எழுதியிருக்கிறார். கவர்னரையும் அவர் மனைவியையும் எழுத்தில் கடுமையாகச் சாடுகிறார். ஒற்றுமையில்லாத தமிழ்ப் பெரியவர்களையும் விடவில்லை.

அதே சமயம் ஒரு மசூதியையும் இடிக்கச் சொல்லியிருந்தார்கள். சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் நேரே கவர்னரிடம் போய், இடித்தால் தன் ஆட்கள் உயிரைக் கொடுத்துத் தடுப்பார்கள் என்று சொன்னார். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சிப்பாய் இல்லாமல் முற்றுகையைத் தாங்க முடியாது அல்லவா? இந்தச் சேதியையும் பிள்ளை பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அதை எழுதும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வாசகரே யூகித்துக்கொள்ளலாம்.

அவர் பதவியை விட்டு விலகவில்லை. கவர்னரிடம் போவதையும் நிறுத்தவில்லை. இதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. நைனியப் பிள்ளையின் கதி தெரிந்தவர்கள் அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். அவர் பேசாமல் இருந்தார் என்பதும் அவர் கைப்பட எழுதியதிலிருந்துதான் நமக்குத் தெரிகிறது. பீப்ஸ் தன் ரகசியத்தைச் சுருக்கெழுத்தில் பூட்டினார். பிள்ளைக்குப் பூட்டு தேவைப்படவில்லை. சுற்றியிருந்த துரைமார்களில் பெரும்பாலோர் தமிழ் படிக்க மாட்டார்கள். அதுவே போதுமான பூட்டு.

கடல் தாண்டிப் போனவர்களும் இந்த ஏடுகளில் உண்டு. ஏழை எளியவர்களை ஏமாற்றிப் பிடித்து, அடிமைகளாகக் கப்பலேற்றி விற்ற கும்பல் பற்றி 1743-ல் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் கடல் வாணிபத்தின் இந்தப் பக்கம் கும்பினிக் கணக்குகளில் இவ்வளவு வெளிச்சமாகத் தெரியாது. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1755-56-ல், தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் நிக்கோபாரில் குடியேறக் கப்பல் அனுப்பினார்கள் என்பதும் இத்தீவுகளில் இருப்போர் நினைவில் வைக்கத் தக்கது.

ஏடுகள் வெளிவந்த கதை

1754-ல் துய்ப்ளேக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். பிள்ளையின் உடல்நலம் கெட்டது. 1756-ல் பதவியும் போயிற்று. எழுதுவது மட்டும் நிற்கவில்லை. ஆங்கிலேயர் மீண்டும் புதுச்சேரியை வளைத்து, ஊர் பசியில் வாடிக்கொண்டிருந்த 1761 ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நான்கு நாட்களில் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தார்கள். வென்றவர்கள் நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பை மேலே தொடர்ந்து எழுதினார்.

ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டுப் பிரதி எடுக்கப்பட்டன. அங்கிருந்து ஒரு பிரதி பாரிசுக்குப் போயிற்று. சென்னை அரசு ஆங்கில மொழிபெயர்ப்பை 1904-ல் வெளியிடத் தொடங்கி, 1928-ல் 12 தொகுதிகளாக முடித்தது. பிரைஸ், ரங்காச்சாரி, டாட்வெல் ஆகியோரின் உழைப்பு அது. தமிழில் எழுதிய தமிழரின் நாட்குறிப்பு தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948-ல்தான்! அதுவும் பல தொகுதிகளோடு நின்று நின்று வந்தது. நடுவில் எழுத்தாளர் பிரபஞ்சன் அதை வைத்து "மானுடம் வெல்லும்", "வானம் வசப்படும்" என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவது நாவலுக்கு 1995-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. 2019-ல் மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா பதிப்பில் 12 தொகுதிகளும் தமிழில் ஒருசேர வந்தன.

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது. அவர் வீடும் அங்கேதான். கீழே தமிழ்நாட்டு முறையில் மரத் தூண்கள். மாடியில் பிரெஞ்சு முறைத் தூண்கள். விடுமுறைக்குக் கப்பலேறிச் சென்னைக்குப் போகிறவர்கள் அங்கிருந்து பஸ்ஸில் மூன்று, நான்கு மணி நேரத்தில் அந்த வீதிக்குப் போய்விடலாம்.