சுவருக்கு அந்தப் பக்கம் தோட்டம்

கல் பாவிய தெருக்கள் – தொடர்: 11

அல்பைசினுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அல்பைசினைப் பார்ப்பதே இல்லை. மூச்சு வாங்க மேடேறுகிறார்கள். சான் நிக்கோலாஸ் தேவாலயத்தின் முன்னால் உள்ள கைப்பிடிச் சுவரில் இடம் பிடிக்கிறார்கள். எதிர்க்குன்றில் நிற்கும் அல்ஹம்ப்ராவைப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். 1997-ல் அமெரிக்க அதிபர் கிளின்டன் குடும்பத்தோடு வந்து அங்கே சூரியன் மறைவதைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனார். இன்றைக்கும் கிரனாடாவின் வழிகாட்டிகள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. காலடியில் கிடக்கும் பேட்டையின் வயது ஆயிரம் ஆண்டு. அதைப் பற்றி அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

சென்ற வாரம் கோர்தோபாவின் யூதர் தெருக்களில் நின்றோம். இந்த வாரம் கிரனாடா. 1984-ல் அல்ஹம்ப்ராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, பத்து ஆண்டு கழித்து, 1994-ல், அல்பைசினையும் அதில் சேர்த்தது. பதினோராம் நூற்றாண்டில் சிரித் வம்சத்து பெர்பெர் அரசர்கள் கோட்டை கட்டி ஆண்ட மேடு இது. அல்ஹம்ப்ரா அரண்மனைகளுக்கு மூத்த ஊர்.

இங்கே நான் சேர்ந்துகொண்டது ஒரு ‘புலன்வழி நடை’. எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. தெருவின் அகலத்தைப் பார்த்தால் அது நியாயம்தான். சில சந்துகளில் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். அழைத்துப் போன பெண்மணி உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதல் காரியமாக எல்லோருடைய செல்போனையும் பைக்குள் போடச் சொன்னார். “இந்த ஊர் கண்ணுக்கு முகம் கொடுக்காது. காதையும் மூக்கையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றார். பேச்சு கொஞ்சம் நாடகத்தனமாகப் பட்டது. நடுவில் ஓரிடத்தில் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி நடக்க வைத்ததும் எனக்கு ரசிக்கவில்லை. அது பிறந்தநாள் விழா விளையாட்டு. ஆனால் அவர் சொன்ன அடிப்படை விஷயம் உண்மை. அல்பைசின் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்பவை. வெளியே வெள்ளைச் சுவர், சின்னக் கதவு, உயரத்தில் ஒரு ஜன்னல். வீட்டின் அழகெல்லாம் உள்ளே, முற்றத்தில். தெருவில் நிற்பவனுக்குச் சுவரைத் தாண்டி வருவது வாசனையும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

தாரோ ஆற்றங்கரைத் தெருவில் நடை தொடங்கியது. ஆறு என்று பெயர், அகலம் ஓடைதான். அதன் கரையில் ‘பான்யுவேலோ’ என்கிற பதினோராம் நூற்றாண்டு வெந்நீர்க் குளியல் மண்டபம். நுழைந்ததும் தோலுக்குத்தான் முதலில் தெரிகிறது. வெளி வெயிலைக் கதவிலேயே நிறுத்திவிட்டார்கள். மேலே செங்கல் வளைவுக் கூரையில் நட்சத்திர வடிவத் துவாரங்கள். நீராவியை அடக்கவும் வெளியேற்றவும், வெளிச்சத்தை அளந்து உள்ளே விடவும் வைத்தவை. தூண்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. ஒரு தூணின் தலைப்பகுதி ரோமானியர் காலத்தது, இன்னொன்று விசிகோத்துகள் செதுக்கியது, மற்றொன்று கோர்தோபா கலிபாக்கள் காலத்தது. இடிந்த கட்டடங்களிலிருந்து எடுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். குளிக்க வந்தவனுக்கு அந்தப் பொருத்தமின்மை கண்ணில் பட்டிருக்காது, அரை இருட்டு.

இந்த மண்டபத்தில் நின்றுதான் அவர் 1567-ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார். 1492 ஜனவரி 2-ல் கிரனாடா கத்தோலிக்க அரசர்களின் கைக்கு வந்தபோது, முஸ்லிம்களின் மதத்துக்கும் வழக்கத்துக்கும் குறுக்கே வரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எட்டு ஆண்டுகூட அந்த வாக்கு தாங்கவில்லை. 1499-ல் கர்தினால் சிஸ்நெரோஸ் வந்து கட்டாய மதமாற்றத்தில் இறங்க, அல்பைசின் கிளர்ந்தது. கிளர்ச்சியை அடக்கியபின் மசூதிகள் தேவாலயங்களாயின. மதம் மாறியவர்களை ‘மொரிஸ்கோ’ என்றார்கள். 1567 புத்தாண்டு நாளில் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணையை ஊரில் வாசித்தார்கள். அரபு பேசக்கூடாது, எழுதக்கூடாது. பழைய உடை உடுத்தக்கூடாது. பொதுக் குளியல் மண்டபங்கள் கூடாது. வெள்ளிக்கிழமையும் விழா நாட்களிலும் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.

கடைசி வரியைக் கேட்டபோதுதான் வழியில் பார்த்து வந்த சின்னக் கதவுகள் எனக்குப் புரிந்தன. தெருவுக்கு முதுகு காட்டி வாழும் ஒரு ஊரிடம் கதவைத் திற என்பது, உடையைக் கழற்று என்பதற்குச் சமம். பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்ற மொரிஸ்கோ பெரியவர், வயது முதிர்ந்த நிலையில், அதிகாரிகளுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். குளிப்பது அழுக்குப் போகத்தானே தவிர மதத்துக்காக அல்ல என்றும், உடையும் பாட்டும் அந்தந்த ஊர் வழக்கம் என்றும் நிதானமாக வாதாடினார். யாரும் காது கொடுக்கவில்லை. 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் அல்புஹாரா மலைப்பகுதியில் கலகம் வெடித்தது. அடுத்த ஆண்டே அல்பைசின் மொரிஸ்கோக்களை ஊரைவிட்டு அப்புறப்படுத்தினார்கள். 1609-லிருந்து 1614-க்குள் ஸ்பெயின் முழுவதிலுமிருந்து மொரிஸ்கோக்களை நாடு கடத்தி முடித்தார்கள். குளியல் மண்டபம் மட்டும் தப்பியது. அதன் மேல் யாரோ வீடு கட்டிக்கொண்டார்கள். கீழே பின்னாளில் துணி துவைத்தார்கள்.

மேலே ஏறும்போது மூக்குக்கு வேலை வந்தது. நடை அந்தி சாயும் நேரத்தில் என்பதால் மல்லிகை விரியத் தொடங்கியிருந்தது. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, சுவர் உயரம். சுவருக்குப் பின்னால் இருப்பவற்றை ‘கார்மென்’ என்கிறார்கள். வீடும், மதில் சூழ்ந்த தோட்டமும், சில பழமரங்களும், ஒரு தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தது ஒரு கார்மென். மல்லிகை, எலுமிச்சை, கசப்பு ஆரஞ்சு, கசக்கினால் காரமாக மணக்கும் மிர்ட்டில் செடி. (அங்கே மணந்த மல்லிகையின் ஒரு வகை நமக்கும் சொந்தம். கோவைப் பக்கம் வாசனைத் திரவிய ஆலைகளுக்காகப் பயிராகும் ஜாதிமல்லியை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் ‘ஸ்பானிய மல்லிகை’ என்பார்கள். ஸ்பெயினுக்கு அது அரேபியர் வழியாகப் போய்ச் சேர்ந்த வந்தேறி.)

இந்தத் தோட்டங்களை மூர்களின் சொர்க்கம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். பாதிதான் சரி. மொரிஸ்கோக்கள் வாழ்ந்தபோது அல்பைசின் நெருக்கமாக வீடுகள் அடைந்த ஊர். தோட்டத்துக்கு அவ்வளவு இடம் ஏது? அவர்களை விரட்டியபின் வீடுகள் ஆளில்லாமல் விழுந்தன. மிஞ்சியவர்கள் பக்கத்து மனைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். இடிந்த சுவர்களின் மேல் மண் போட்டுத் திராட்சைக்கொடியும் மரமும் வைத்தார்கள். இன்று மேட்டில் நிற்கும் கார்மென்களில் பல அப்படி விரிந்தவை. அந்த மல்லிகைக்கு வேர் இருப்பது குடும்பங்கள் காலி செய்துபோன மனைகளில். வழிகாட்டி இதைச் சொல்லி முடித்தபின் எங்கள் குழுவில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் மட்டும், “அப்படியென்றால் இது நல்ல வாசனையா, கெட்ட வாசனையா?” என்று கேட்டார். “நல்ல வாசனைதான் அம்மா, அதற்குக் காரணம்தான் கெட்டது” என்றார் வழிகாட்டி.

இனி தண்ணீர். இந்த மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அல்ஹம்ப்ராவைவிடச் சுவாரசியமான விஷயம். பத்துக் கிலோமீட்டர் அளவில் தள்ளி, அல்பகார் என்ற கிராமத்தில் பெரிய ஊற்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டியே, வாட்டம் பார்த்து, ஒரு வாய்க்காலை பதினோராம் நூற்றாண்டில் வெட்டிக்கொண்டு வந்தார்கள். அய்னதமார் வாய்க்கால் என்று பெயர். பம்ப் கிடையாது, சக்கரம் கிடையாது. சரிவு ஒன்றுதான் இயந்திரம். வழியில் வயல்களுக்கும் ஆலைகளுக்கும் முறை வைத்துப் பாய்ந்து, மிச்சம் ஊருக்குள் வந்து, சுட்ட மண் குழாய்கள் வழியாகத் தெருத்தெருவாகப் பிரிந்து, ‘அல்ஹீபே’ எனப்படும் நிலத்தடித் தொட்டிகளில் இறங்கியது. செங்கல் வளைவு போட்டு, உள்ளே சுண்ணாம்புச் சாந்து பூசிய தொட்டிகள். பெரும்பாலும் மசூதிக்குப் பக்கத்தில் கட்டினார்கள், தொழுகைக்கு முன் கைகால் கழுவ வேண்டுமே. மசூதி தேவாலயமானபின் தொட்டி அப்படியே இருந்தது. இன்றும் அல்பைசினில் 25-க்கும் மேற்பட்ட அல்ஹீபேக்கள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய தொட்டி ‘அரசரின் அல்ஹீபே’. அது மட்டும் 300 கன மீட்டர், அதாவது மூன்று லட்சம் லிட்டர் பிடிக்கும்.

ஒரு தொட்டியின் முன்னால் எங்களை நிறுத்தி, செங்கல் வளைவுக்குக் கீழே உள்ள கல் விளிம்பில் விரல் ஓட்டச் சொன்னார். வரிவரியாகப் பள்ளம். வாளிக் கயிறு இழுத்து இழுத்துத் தேய்ந்த தடம். ஒரு பள்ளத்தில் என் சுண்டுவிரல் பாதி இறங்கியது. இருபதாம் நூற்றாண்டில் குழாய்த் தண்ணீர் வரும்வரை பெண்கள் இங்கே வந்து நீர் எடுத்தார்கள். கழுதை மேல் குடம் ஏற்றி வீடு வீடாக விற்றவர்களும் இருந்தார்கள். தொட்டி வாயில் உள்ள கம்பியில் முகம் வைத்து ஒரு சத்தம் கொடுத்தால், உள்ளேயிருந்து அது ஈரமாகத் திரும்பி வருகிறது.

அல்பகார் ஊற்றுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் தொடங்கிய வேகத்தில், கவிஞர் பெதெரிகோ கார்சியா லோர்காவை பிராங்கோ தரப்பினர் கொண்டுபோய்ச் சுட்டது வீஸ்னார், அல்பகார் ஊர்களுக்கு இடையே, அந்த ஊற்றுக்குப் பக்கத்தில். உடல் இன்னும் கிடைக்கவில்லை. வாய்க்காலும் பிறகு பல பத்தாண்டுகள் வறண்டு தூர்ந்து கிடந்தது. சமீப ஆண்டுகளில் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தன்னார்வலர்களைத் திரட்டி, மண்வெட்டியோடு இறங்கித் தூர்வாரியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் பார்த்த வாட்டம் இன்றும் சரியாக இருக்கிறதாம்.

நாக்குக்கும் வேலை இருந்தது. ஒரு கன்னியர் மடத்தின் வாசலில் மணியை இழுத்தார் வழிகாட்டி. சுவரில் மரத்தாலான ஒரு சுழல் அலமாரி. உள்ளே இருக்கும் கன்னியரை நாம் பார்க்க முடியாது, அவரும் நம்மைப் பார்ப்பதில்லை. மாதாவைப் போற்றும் ஒரு வாழ்த்தை வெளியிலிருந்து சொல்ல, ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்தவர் என்று உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல் முடித்து வைத்தது. பணத்தை வைத்தோம். அலமாரி கிறீச்சிட்டுச் சுழன்று உள்ளே போனது. திரும்பி வந்தபோது அட்டைப்பெட்டி, மேலே சில்லறை. பாதாம், லவங்கப்பட்டை, சோம்பு வாசனை. எந்தக் கறுப்புத் துணியும் இல்லாமல், முகம் பார்க்காமல் நடந்த வியாபாரம். நடை முழுவதிலும் மிகச் சிறந்த கட்டம் இதுதான்.

பிளாசா லார்கா சதுக்கத்தில் ரெமோஹோன் தின்றோம். ஆரஞ்சுச் சுளை, உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், வெங்காயம், ஆலிவ், மேலே ஆலிவ் எண்ணெய். பழத்தோடு மீனா என்று முகம் சுளிக்காதீர்கள். உப்பும் புளிப்பும் பிரமாதமாகச் சேர்கின்றன. சதுக்கத்தின் மூலையில் எடைக்கற்கள் வாயில். பதினோராம் நூற்றாண்டுக் கோட்டை வாசல். கள்ள எடை போட்ட வியாபாரிகளிடம் பறிமுதல் செய்த கற்களை எல்லோரும் பார்க்கும்படி அதில் மாட்டி வைத்தார்கள், அதனால் அந்தப் பெயர். எதிரி நேராகப் பாய்ந்து வரக்கூடாது என்று உள்வழியை மடக்கிக் கட்டியிருக்கிறார்கள். கடைத்தெருவான கால்தெரெரியாவின் புதினாத் தேநீரையும் ஊதுவத்தியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்றைய சுற்றுலாவுக்காகப் போட்ட கடைகள்.

கடைசியில் சான் நிக்கோலாஸ். கூட்டம், கிடார், பீர் விற்பவர்கள். பக்கத்திலேயே 2003-ல் திறந்த மசூதி. ஐந்து நூற்றாண்டுக்குப் பின் இந்த ஊரில் எழுந்த முதல் மசூதி. ஒலிபெருக்கி இல்லாமல், வெறும் தொண்டையில் பாங்கு சொல்கிறார்கள். அதோடு தேவாலய மணியும், இரண்டுக்கும் நடுவே கூழாங்கல் தெருவில் டிராலிப் பெட்டிகள் தடதடவென்று உருளும் ஓசையும். “இதுதான் எங்கள் தெருவின் புதிய சத்தம்” என்றார் வழிகாட்டி. வீடுகள் விடுதிகளாகின்றன, வாடகை ஏறுகிறது, பழைய குடும்பங்கள் கீழே புறநகருக்குப் போகின்றன என்றார். இந்த முறை ஆணை போட்டுத் துரத்துபவர் யாரும் இல்லை. அங்கே நின்ற எங்கள் எட்டுப் பேரின் பெட்டிகளும் ஏதோ ஒரு விடுதியில்தான் இருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: ஆரஞ்சுப் பூ வேண்டுமானால் ஏப்ரல், மல்லிகை வேண்டுமானால் கோடைக்கால இரவு. வழுக்கும் செருப்பு கூடாது, கூழாங்கல் காலை வாரிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் பிளாசா நுவேவாவிலிருந்து புறப்படும் சின்ன பஸ்ஸில் மேலே போய், நடந்து இறங்கலாம். தங்குவதைக் கீழ் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். அல்பைசினில் மிச்சமிருக்கும் வீடுகளை அங்கே வாழ்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த வாரம் பக்கத்துக் குன்றான சக்ரமோந்தேயின் குகை வீடுகள்.