உங்களுக்குத் தெரியுமா? நாப்கினின் தாய்வீடு கட்டுத்துணி!

கடையில் வாங்கும் சானிட்டரி நாப்கின், போர்க்களத்துக் காயக்கட்டிலிருந்து பிறந்தது. முதல் உலகப் போரில் புண்ணில் வைக்க வந்த மரக்கூழ்ப் பஞ்சைச் செவிலியர்கள் மாதவிடாய்க்கும் எடுத்துக்கொண்டார்கள். போருக்குப் பின் அதே பஞ்சைக் காஸ் துணியில் பொதிந்து, 1920-ல் 'கோடெக்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றார்கள்.

● அந்தக் காஸ் துணிக்குப் பேர்போன ஊர், நம் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி. விரித்துப் பிடித்தால் மறுபக்கம் தெரியும், அவ்வளவு மெல்லிய நெசவு.

● ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நூற்பாலைக்கு ஷிப்ட் போகும் பெண்களுக்கு மாதவிடாய் விடுப்பு தரும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. பீகாரில் அரசு ஊழியப் பெண்களுக்கு 1992 முதலே மாதம் 2 நாள் உண்டு. கர்நாடகம் 2025-ல் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் அறிவித்தது. ஆயத்த ஆடை ஆலைகளும் அதில் அடக்கம். நமக்கும் அது வரவேண்டும்.

● விடுப்புக்குப் பதில் கிடைத்தது என்ன? தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை பேசி, 2019-ல் வெளியிட்ட செய்தி இது: வயிற்றுவலி என்றதும் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து, மறுபடி மெஷினுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள்.

வேலையிடத்தில் யார் மாத்திரை தந்தாலும் அட்டையோடு கேளுங்கள். பெயரைப் படித்துவிட்டு விழுங்குங்கள்.