நான்கு நொடிப் பந்தயம்

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் வளைந்து செல்லும் பாதையும் நெடுநேர ஓட்டமுமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டில் வளர்ந்த டிராக் பந்தயம் அத்தகையதன்று. நேரான தடத்தில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் பாயும். அதன் தலையாய பிரிவாகிய டாப் ஃபியூயலில் ஓட்டத் தொலைவு 1,000 அடியே. அதனைக் கடக்க நான்கு நொடியும் வேண்டுவதில்லை. நாம் ஒரு முறை மூச்சை இழுத்து விடுவதற்குள் வெற்றியும் தோல்வியும் முடிவாகிவிடும்! நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளால் ஏறத்தாழ 11,000 குதிரைத்திறனுடன் பாயும் அவ்வண்டியை நிறுத்தப் பின்புறம் பாராசூட்டுகள் விரிதல் வேண்டும்.

இத்துறையில் இருமுறை வாகை சூடியவர் பிரிட்டனி ஃபோர்ஸ் என்னும் பெண்மணி. 1986-இல் பிறந்தவர். இவருடைய தந்தையார் ஜான் ஃபோர்ஸ், ஃபன்னி கார் என்னும் பிரிவில் 16 முறை வாகையர் பட்டம் பெற்றவர். தமக்கை ஆஷ்லியும் தங்கை கோர்ட்னியும் தந்தையின் பிரிவிலேயே புகழ் பெற்றனர். பிரிட்டனியோ முதலில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர்ப் பந்தயத்தையே தேர்ந்தபோதும், தந்தையார் சென்ற வழியை விடுத்து, 2013-இல் டாப் ஃபியூயலில் இறங்கினார்.

புகழ்மிக்க குடும்பத்தில் பிறந்தோர்க்கு வண்டியும் பணியாளரும் எளிதில் அமையலாம். வெற்றி அவ்வாறு அமைவதில்லை. பிரிட்டனி தம் முதல் வெற்றிக்கு 2016 வரை காத்திருந்தார். ஆனால் மறு ஆண்டே வாகையர் பட்டம் அவருடையதாயிற்று. அப்பிரிவில் அதற்கு முன் பட்டம் பெற்ற ஒரே பெண் ஷெர்லி மல்டௌனி. அவர் இறுதியாக வென்றது 1982-இல். இடையே 35 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பட்டம் பெற்ற மகிழ்ச்சி தணியுமுன்னரே இடர் வந்தது. இவ்வண்டிகளில் சக்கரம் நிலத்தைப் பற்றும் பிடி சிறிது தளரினும் கேடுதான். 2018 பிப்ரவரியில், பொமோனா நகரில் ஆண்டின் முதற்போட்டி நடந்தபோது, அவர் வண்டி நிலைதவறிச் சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அத்தகைய மோதலுக்குப் பின் மீண்டும் அவ்விருக்கையில் அமர்தல் எளிதோ? அமர்ந்தார், அவ்வாண்டு ஏப்ரலிலேயே ஹூஸ்டன் நகரில் வென்றும் காட்டினார்.

2022-இல் இரண்டாம் பட்டம் கிட்டியது. அவ்வாண்டு அவர் வண்டி மணிக்கு 338 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டிற்று. அஃதாவது ஏறத்தாழ 544 கிலோமீட்டர். முழுநேரப் பந்தய வாழ்வினின்று விலகி, இல்வாழ்வில் ஈடுபட விரும்புவதாக 2025-இல் அவர் அறிவித்தார்.